1763 அரச பிரகடனம்: ஒரு தாய்ப்பத்திரத்தைப் படிப்பதுபோல் படிக்க முழுமையான வழிகாட்டி

கனடாவில் பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய வழக்கு எதை எடுத்தாலும், பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் 1763 அக்டோபர் 7 என்ற தேதியில் போய் நிற்பீர்கள். அன்றுதான் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ், வட அமெரிக்காவில் யார் எங்கே குடியேறலாம், பூர்வகுடிகளின் நிலத்தை யார் வாங்கலாம் என்று ஒரு அரச பிரகடனம் வெளியிட்டார். பெரும்பாலானவர்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே போகக் கூடாது என்று மன்னர் கோடு போட்டார், குடியேறிகளுக்குக் கோபம் வந்தது, அமெரிக்கப் புரட்சி நடந்தது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 260 வருஷத்துக்கு மேல் ஆன இந்தத் தாள் ஏன் இன்றும் நீதிமன்றத்தில் வாசிக்கப்படுகிறது என்பது இந்த ஒரு வரியிலிருந்து தெரியாது.

நிலம் வாங்கப் போகிறவர் தாய்ப்பத்திரத்தை எப்படிப் படிப்பாரோ அப்படித்தான் இதையும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. நான்கெல்லை என்ன, எழுதிக்கொடுப்பவர் யார், எழுதிவாங்குபவர் யார், எந்த முறையில் கைமாறலாம், கையெழுத்து யார் யாருடையது, எதில் வில்லங்கம் இருக்கிறது. இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் ஆவணம் தானாகத் திறந்துகொள்ளும்.

படி 1: உரையைத் திறக்கும் முன் அந்த ஒரு வருஷத்தை வரிசைப்படுத்துங்கள்

1763 பிப்ரவரி 10-ல் பாரிஸ் உடன்படிக்கை. ஏழாண்டுப் போர் முடிகிறது. பிரான்ஸ் கனடாவையும், நியூ ஆர்லியன்ஸ் தவிர மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே தான் உரிமை கோரிவந்த எல்லாவற்றையும் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுக்கிறது. ஸ்பெயினிடமிருந்து ஃபுளோரிடா வருகிறது. இப்படிக் கைமாறிய நிலத்தில் பெரும்பகுதியில் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சில கோட்டைகளும் வணிகச் சாவடிகளும்தான் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் ஒடாவா, ஒஜிப்வே, டெலவேர், ஷானி, செனெக்கா போன்ற மக்கள். பாரிஸில் அவர்களில் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை.

பிரிட்டிஷ் தளபதி ஜெஃப்ரி ஆம்ஹெர்ஸ்ட், பிரெஞ்சுக்காரர்கள் வழக்கமாகக் கொடுத்துவந்த பரிசுகளை நிறுத்தினார், வெடிமருந்து விற்பனையைக் கட்டுப்படுத்தினார். பரிசு என்றால் லஞ்சம் என்று அவர் நினைத்தார். அந்த மக்களுக்கோ, தங்கள் நிலத்தில் விருந்தாளியாக இருப்பவன் வருஷா வருஷம் உறவைப் புதுப்பிக்கிற முறை அது. மே மாதம் ஒடாவா தலைவர் பாண்டியாக் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்டார். சில வாரங்களில் எட்டுக் கோட்டைகள் விழுந்தன. அந்த ஜூன் மாதத்தில் பிட் கோட்டையில் பேச்சுவார்த்தைக்கு வந்த டெலவேர் பிரதிநிதிகளிடம், பெரியம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு போர்வைகளையும் ஒரு கைக்குட்டையையும் கொடுத்தார்கள். இதைக் கோட்டையில் இருந்த வணிகர் வில்லியம் ட்ரெண்ட் தன் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

மேற்கு நிலத்தை என்ன செய்வது என்று லண்டனில் அதற்கு முன்பே யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். போர்ச் செய்தி வந்ததும் வேலை வேகமெடுத்தது. எனவே பிரகடனத்தை மன்னரின் கருணைக்கு மட்டும் கணக்கு எழுதிவிடாதீர்கள். பூர்வகுடிகள் ஆயுதத்தோடு எழுந்து நின்றதற்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது.

படி 2: முதல் பாதியை வேகமாகக் கடந்து போங்கள்

உரை நீளமாக இருக்கும். முதலில் வருவது நிர்வாகச் சமாச்சாரம்: கியூபெக், கிழக்கு ஃபுளோரிடா, மேற்கு ஃபுளோரிடா, கிரனடா என்று நான்கு புதிய அரசாங்கங்கள், அவற்றின் எல்லைகள், சட்டசபைகள், நீதிமன்றங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நில்லுங்கள். போரில் பணியாற்றியவர்களுக்கு நிலம் தருவதாக மன்னர் வாக்களிக்கும் பட்டியல் அது: உயர்நிலைப் படை அதிகாரிக்கு 5,000 ஏக்கர், கேப்டனுக்கு 3,000, அதற்குக் கீழே உள்ள அதிகாரிக்கு 2,000, அதிகாரம் பெறாத மேல்நிலை வீரருக்கு 200, சாதாரண வீரருக்கு 50. அடுத்த பக்கத்தில் பூர்வகுடிகளின் நிலத்தைத் தொடாதே என்று சொல்லப்போகிற அதே ஆவணம் இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரை வாரி வழங்குகிறது. இரண்டும் ஒரே கையெழுத்தில் வந்தவை என்பதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

படி 3: நான்கெல்லையைப் பாருங்கள்

பள்ளிப் புத்தக வரைபடங்களில் அப்பலாச்சியன் மலைமேல் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். ஆனால் உரையில் அந்த மலையின் பெயரே கிடையாது. மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வந்து அட்லாண்டிக் கடலில் விழும் ஆறுகளின் ஊற்றுக்கண்ணுக்கு அப்பால் உள்ள நிலம் என்றுதான் இருக்கிறது. அதாவது எல்லையைத் தீர்மானிப்பது தண்ணீர். போடோமாக், ஜேம்ஸ், சவானா ஆறுகள் கிழக்கே அட்லாண்டிக்கில் போய்ச் சேர்கின்றன. ஓஹையோ ஆற்றுத் தண்ணீர் மேற்கே போய் மிசிசிப்பியில் கலந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. ஒரு மேட்டில் பெய்யும் மழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அதை வைத்து அந்த மண்ணில் குடியேறலாமா கூடாதா என்று சொல்லிவிடலாம்.

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் காட்டுக்குள் கோடாரியோடு நிற்கிற ஒரு குடியேறிக்கு ஊற்றுக்கண் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இந்த எல்லைக்கோட்டைக் காவல் காக்கவும் போதுமான படை இல்லை. ஏற்கெனவே அந்தப் பக்கம் குடியேறியவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்றும் பிரகடனம் சொல்கிறது. சொன்னதோடு சரி.

இன்னும் இரண்டு விஷயம். ஹட்சன் பே கம்பெனி என்ற ரோம வணிக நிறுவனத்துக்கு முன்பே கொடுத்திருந்த வடக்குப் பரப்பை இந்த ஒதுக்கீட்டில் சேர்க்கவில்லை. அப்புறம், ‘தற்போதைக்கு, எங்கள் அடுத்த விருப்பம் தெரியும் வரை’ என்று ஒரு சொற்றொடர் நடுவில் இருக்கிறது. நிலம் கேட்டுத் துடித்தவர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டது இந்தச் சொற்றொடரைத்தான்.

படி 4: ஒரு வாக்கியத்தை மட்டும் பத்து முறை படியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அந்த வாக்கியத்தின் சாரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: எங்களோடு தொடர்புள்ள, எங்கள் பாதுகாப்பில் வாழ்கிற இந்திய (அதாவது பூர்வகுடி) தேசங்கள் அல்லது குலங்கள், எங்கள் ஆட்சிப்பரப்பில் எங்களுக்கு விட்டுக்கொடுக்கப்படாமலும் எங்களால் வாங்கப்படாமலும் தங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிற பகுதிகளை, தங்கள் வேட்டை நிலங்களாக, தொந்தரவில்லாமல் அனுபவித்து வர வேண்டும்.

சொல் சொல்லாகப் பிரித்துப் பாருங்கள். ‘தேசங்கள்’ என்கிறார் மன்னர். தேசம் என்று ஒப்புக்கொண்டால் அவர்களோடு ஒப்பந்தம் போட வேண்டும், சும்மா கட்டளையிட முடியாது. ‘விட்டுக்கொடுக்கப்படாத, வாங்கப்படாத’ என்கிறார். விட்டுக்கொடுக்கவும் விற்கவும் ஒருவருக்கு ஏதாவது சொந்தமாக இருந்தால்தானே முடியும்? ஆக, நிலம் அவர்களுடையது என்பது அந்த இரண்டு சொல்லில் வந்துவிட்டது. ஆனால் அதே மூச்சில் ‘எங்கள் ஆட்சிப்பரப்பு’ என்றும் சொல்கிறார். எனக்கு நீங்கள் இன்னும் விற்காத, விட்டும் கொடுக்காத நிலம் எப்படி என் ஆட்சிப்பரப்பு ஆகும்? இந்த முடிச்சை ஆவணம் அவிழ்க்கவே இல்லை. நில உரிமையை ஒத்துக்கொள்வதும் அதன்மேல் தன் அதிகாரத்தைப் போர்த்துவதும் ஒரே வாக்கியத்துக்குள் நடக்கின்றன. அதற்குப் பிறகு வந்த எல்லா வழக்கும், எந்தப் பாதியைப் பிடித்து இழுப்பது என்ற சண்டைதான்.

‘வேட்டை நிலம்’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். இந்த மக்களில் பலர் சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டு ஊர் கட்டி வாழ்ந்தவர்கள். அவர்கள் நிலத்தை வெறும் வேட்டைக்காடு என்று எழுதியது பின்னால் அவர்களுக்கு எதிராகவே பயன்பட்டது.

படி 5: கைமாறும் முறையைக் குறித்துக்கொள்ளுங்கள்

என்னைக் கேட்டால் ஆவணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பூர்வகுடிகளிடம் நிலம் வாங்குவதில் பெரும் மோசடிகளும் முறைகேடுகளும் நடந்திருக்கின்றன என்று மன்னரே ஒப்புக்கொள்கிறார். அதனால் இனிமேல் எந்தத் தனியாளும் அவர்களிடம் நிலம் வாங்கக் கூடாது. அவர்களாக விற்க விரும்பினால், அதற்கென்றே கூட்டப்படும் பொதுக்கூட்டத்தில், ஆளுநரோ படைத்தலைவரோ முன்னிருந்து, மன்னர் பெயரில் மட்டுமே வாங்க வேண்டும்.

ஏன் பொதுக்கூட்டம்? அதற்கு முன் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு வியாபாரி இரண்டு மூன்று பேரைப் பிடித்து, சாராயம் ஊற்றி, புரியாத மொழியில் எழுதிய தாளில் குறி போட வைத்து, ஒரு பள்ளத்தாக்கையே வாங்கிவிட்டதாகச் சொல்லலாம். ஒரு சமூகத்தின் நிலத்தை அந்தச் சமூகம் முழுவதும் பார்க்க, கேட்க, சம்மதிக்க வேண்டும் என்பது அந்த வழியை அடைக்கிறது. அதே நேரத்தில் இந்த ஏற்பாட்டில் வாங்குபவர் ஒரே ஒருவர்தான். விலை பேசப் போட்டி கிடையாது. மன்னர் சொன்னதுதான் விலை. பாதுகாப்பும் ஏகபோகமும் ஒரே விதியில் வந்து சேர்ந்துவிட்டன.

வணிகம் எல்லோருக்கும் திறந்திருக்கும், ஆனால் ஆளுநரிடம் உரிமம் வாங்க வேண்டும். குற்றம் செய்துவிட்டு அந்தப் பக்கம் ஓடி ஒளிந்தவர்களைப் பிடித்து அனுப்ப வேண்டும். இந்த இரண்டையும் படித்தால் உரை முடிந்தது.

படி 6: ‘இந்தியர்’ என்ற சொல்லில் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

நாம் தமிழில் படிக்கும்போது இந்தச் சொல் உறுத்தும். கொலம்பஸ் செய்த குழப்பம் என்று தாண்டிப் போய்விடலாம்தான். ஆனால் அந்தக் குழப்பத்தை வைத்தே ஒரு நில மோசடிக்கு முயன்றிருக்கிறார்கள். 1757-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மனு ஒன்றுக்கு, இங்கிலாந்தின் சட்ட அதிகாரிகள் பிராட், யார்க் இருவரும் ஒரு கருத்து எழுதினார்கள்: போரில் பிடித்த நிலத்தின் உரிமை மன்னருக்கு, முகலாயப் பேரரசரிடமோ இந்திய இளவரசர்களிடமோ ஒப்பந்தத்தால் பெற்றது கம்பெனிக்கு. இது நம் துணைக்கண்டத்தைப் பற்றியது. 1770-களின் தொடக்கத்தில் அமெரிக்க நில வியாபாரிகள் கையில் சுற்றிய பிரதியில் முகலாயர் பெயர் காணாமல் போயிருந்தது. ‘இந்திய இளவரசர்கள்’ மட்டும் மிச்சம். அதைக் காட்டி, 1763 தடை இருந்தும் எங்களுக்கு உரிமை உண்டு என்று இல்லினாய் பகுதியில் 1773-லும், வாபாஷ் ஆற்றங்கரையில் 1775-லும் பெரும்பரப்புகளை வாங்கினார்கள். அந்த வாங்கல்கள் செல்லாது என்று 1823-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு அது சொன்ன காரணம், கண்டுபிடித்தவனுக்கே மேலுரிமை, அங்கு வாழ்ந்தவர்களுக்கு அனுபவ உரிமை மட்டும் என்பது. அதில் பூர்வகுடிகள் இழந்தது இன்னும் அதிகம்.

படி 7: யாருடைய கையெழுத்து இல்லை என்று பாருங்கள்

பிரகடனத்தின் அடியில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை, தேதி, மன்னர் வாழ்க. அவ்வளவுதான். எதிர்த்தரப்புக் கையெழுத்து இல்லை. லண்டன் தாளோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் தெரியும்.

மறுபாதி 1764 கோடையில் நயாகரா கோட்டையருகே நடந்தது. மன்னரின் பிரதிநிதி வில்லியம் ஜான்சன் அழைத்து, சுமார் 24 தேசங்களிலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் வந்து கூடினார்கள். பாண்டியாக் வரவில்லை. பேச்சு முடிந்தபோது கைமாறியது வாம்பம் பட்டை. கடற்சிப்பிகளிலிருந்து அறுத்தெடுத்த வெள்ளை, ஊதா மணிகளைக் கோத்து நெய்வது அது. நடுவில் இரண்டு மனித உருவங்கள் கைகோத்து நிற்கும், 1764 என்ற ஆண்டும் நெய்யப்பட்டிருக்கும். எழுத்து இல்லாததால் அதை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டையைக் கையில் பிடித்து, அதில் அடங்கிய வாக்குறுதிகளைச் சபையில் சொல்லிக் காட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அதுதான் பத்திரம்.

ஜான் பாரோஸ் போன்ற அனிஷினாபே (ஒஜிப்வே, ஒடாவா உள்ளிட்ட மக்கள்) சட்ட அறிஞர்கள், பிரகடனத்தையும் நயாகராவையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. லண்டன் தாளில் மன்னர் உத்தரவிடுகிறார். நயாகராவிலோ இரண்டு தரப்பு சமமாக உட்கார்ந்து வாக்குக் கொடுத்துக்கொள்கிறது.

படி 8: எப்படி மீறினார்கள் என்று தேடுங்கள்

அந்தப் போரில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் வாஷிங்டனிடமிருந்து தொடங்கலாம். 1767 செப்டம்பரில் நில அளவையாளர் வில்லியம் க்ராஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பிரகடனம் இந்தியர்களின் மனதை அமைதிப்படுத்த எடுத்த தற்காலிக ஏற்பாடுதான் என்கிறார், இது நமக்குள் இருக்கட்டும் என்ற குறிப்போடு. அப்புறம், வேட்டைக்குப் போகிற சாக்கில் நல்ல நிலங்களைப் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்கிறார். படி 2-ல் பார்த்த பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? நிலம் தருவதாகச் சொல்லி அழைத்த அதிகாரிகளிடமே, நிலத்தைத் தொடாதே என்றால் யார் கேட்பார்கள்.

1768-ல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில், முறைப்படி பொதுக்கூட்டம் கூட்டியே, ஜான்சன் எல்லைக்கோட்டை மேற்கே தள்ளினார். எழுதிக்கொடுத்தவர்கள் ஹோடினோஷோனி (இரோக்வாய்) கூட்டமைப்பினர். போன நிலத்தில் பெரும்பகுதியில் வேட்டையாடிக்கொண்டிருந்தவர்களோ ஷானி, செரோக்கி மக்கள். அண்ணன் நிலத்தைத் தம்பி எழுதிக்கொடுத்த கதைதான்.

டொராண்டோ இன்னும் கொடுமை. 1787-ல் மிசிசாகா மக்களிடமிருந்து அந்த நகர நிலத்தை வாங்கியதாகச் சொன்னார்கள். பிறகு பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் விவரம் எழுத வேண்டிய இடம் காலி. மூன்று தலைவர்களின் குலக்குறிகள் தனித்தனித் துண்டுத் தாள்களில் இருந்தன, அவற்றைப் பத்திரத்தோடு ஒட்டியிருந்தார்கள். அதற்குள் அந்தத் தலைவர்கள் இறந்தும் போயிருந்தார்கள். 1805-ல் புதிதாக ஒரு பத்திரம் போட்டு, சுமார் 2,50,000 ஏக்கருக்கு 10 ஷில்லிங் கொடுத்தார்கள். 2010-ல் கனடா அரசு 14.5 கோடி டாலர் கொடுத்து இந்தக் கோரிக்கையைத் தீர்த்தது.

படி 9: வழக்குகளை வரிசையாகப் படியுங்கள்

1888: மரம் வெட்டும் உரிமம் பற்றி ஒன்டாரியோவுக்கும் மத்திய அரசுக்கும் சண்டை. அப்போது கனடாவுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1763 பிரகடனத்தைப் பிரித்து, பூர்வகுடிகளுக்கு இருப்பது மன்னரின் நல்லெண்ணத்தைச் சார்ந்த அனுபவ உரிமைதான் என்றது. யாருடைய நிலமோ அந்த ஒஜிப்வே மக்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

1913: பிரிட்டிஷ் கொலம்பியாவின் நிஸ்கா மக்கள் இதே பிரகடனத்தைக் காட்டி லண்டனுக்கு மனுப் போட்டார்கள். பலனில்லை. 1927 முதல் 1951 வரை, அரசின் அனுமதி இல்லாமல் நிலக் கோரிக்கைக்குப் பணம் திரட்டுவதே குற்றம் என்று சட்டம் இருந்தது. வழக்கறிஞர் வைக்கவும் வழியில்லை.

1973: ஃப்ராங்க் கால்டர் தலைமையில் நிஸ்கா மக்கள் கனடா உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். நில உரிமை இன்னும் இருக்கிறது என்று மூன்று நீதிபதிகள், இல்லை என்று மூன்று பேர், ஏழாமவர் நடைமுறைக் காரணம் காட்டி வழக்கைத் தள்ளினார். தோல்விதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: குடியேறிகள் வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்ததாலேயே உரிமை பிறக்கிறது, மன்னர் கொடுத்து வந்ததில்லை என்பதை இரு பக்கத்து நீதிபதிகளும் ஏற்றார்கள். நீதிபதி எம்மெட் ஹால் பிரகடனத்தை, இங்கிலாந்தின் பழைய உரிமை ஆவணமான மேக்னா கார்ட்டாவுக்கு ஒப்பிட்டார். அதே ஆண்டு அரசு பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது, 2000-ல் நிஸ்கா ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2014-ல் அதே பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்கோட்டின் மக்களுக்குச் சுமார் 1,750 சதுர கிலோமீட்டரின் உரிமையை உச்ச நீதிமன்றம் நேரடியாகவே உறுதி செய்தது.

இடையில் 1982 அரசியலமைப்பு. அதன் 25-ஆம் பிரிவைத் திறந்தால் 1763 அக்டோபர் 7 என்ற தேதியே அச்சிட்டிருக்கும். அந்தப் பிரகடனம் அங்கீகரித்த உரிமைகளை, உரிமைகள் சாசனத்தைக் காட்டிக் குறைக்க முடியாது என்கிறது அது.

படி 10: நீங்கள் நிற்கும் மண்ணைச் சோதியுங்கள்

கனடாவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் ஊர் எந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது, அதில் எழுதிக்கொடுத்தவர் யார், பொதுக்கூட்டம் நடந்ததா என்று தேடுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதிக்கு ஒப்பந்தமே கிடையாது என்று தெரிய வரும்.

தமிழர்கள் நிறைய வாழும், டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவை எடுத்துக்கொள்ளுங்கள். இது எந்தப் பூர்வகுடிகளின் நிலம் என்று சொல்லி, பிள்ளைகள் காலையில் பள்ளியில் கேட்கும் நில அறிவிப்பில் மிசிசாகா என்ற பெயர் வரும். ஸ்காபரோ இருக்கும் ஏரிக்கரைக்கு 1787-88-ல் ஒரு வாங்கல் நடந்ததாகச் சொன்னார்கள். கரையில் துப்பாக்கி சுட்டால் சத்தம் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு நிலம் என்பது பேச்சு, அதனால் துப்பாக்கிச் சத்த ஒப்பந்தம் என்றே பெயர். அந்தப் பத்திரமும் அரைகுறை. 1923-ல் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் என்று மறுபடி எழுதி வாங்கினார்கள், அதில் வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் பறித்துக்கொண்டார்கள். ஏழு பூர்வகுடிச் சமூகங்கள் பல பத்தாண்டுகள் போராடி, 2018-ல் அரசு மன்னிப்புக் கேட்டு, 110 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. அந்த உரிமைகளும் மறுபடி அங்கீகரிக்கப்பட்டன.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் அந்த அறிவிப்பில் என்னென்ன பெயர்கள் சொன்னார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தேடலை அந்தப் பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.